லோர்னா பெட்காவின் காதுக்குள் ஒரு பூச்சி

பசிபிக் கடலின் நடுவில் ஒரு திமிங்கிலம் தும்மினால், வான்கூவரில் கமர்ஷியல் சாலையில் பேருந்துக்கு நிற்கிற லோர்னா பெட்காவ் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஆயுசு நூறு" என்பாள். தும்மியது ஆணா பெண்ணா, சளி எத்தனை நாளாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வாள். மேகத்துக்குள் மழை திரளும்போதே அது எந்தத் தெருவில் விழப்போகிறது என்று அவளுக்குக் கேட்டுவிடும். கடவுள் முதன்முதலாகக் காது என்று ஒன்றைச் செய்தபோது லோர்னாவை எதிரில் உட்காரவைத்து அளவெடுத்துத்தான் செய்தாராம். நமக்கெல்லாம் வாய்த்தது மிஞ்சிய மாவில் சுட்டது.

இதில் கொஞ்சம் உப்பு கூடியிருக்கலாம். ஆனால் அந்தப் பேட்டையில் யாரைக் கேட்டாலும் இதற்கு ஒரு முழம்கூடக் குறைக்க மாட்டார்கள்.

பார்க்க அப்படி ஒன்றும் இருக்க மாட்டாள். ஐம்பத்தேழு வயது. ஏரிக்கரைப் பனிச்சறுக்கு அரங்கத்தில் வாடகை ஸ்கேட் கொடுக்கிற கவுண்டரில் வேலை. யாராவது வந்து நின்றால் கால் அளவு கேட்க மாட்டாள். வருகிற நடையின் சத்தத்திலேயே எட்டா ஒன்பதா என்று எடுத்து வைத்துவிடுவாள். நடுநடுவே பின்னறையில் ஸ்கேட் பிளேடுகளைச் சாணைச் சக்கரத்தில் தீட்டுவாள். அந்தச் சக்கரம் போடுகிற கூச்சலுக்குப் பயந்து காதுக்குச் சிவப்பு மூடி ஒன்று வைத்திருந்தாள். கல்யாணம் ஆனது, முறிந்தது. இரண்டையும் அதிகம் சத்தமில்லாமல் முடித்துக்கொண்டாள்.

அவள் பிடித்துவைத்த சத்தம் எல்லாம் தெருவில் இருந்தது.

தெருச் சத்தத்தைச் சேர்ப்பதுதான் லோர்னாவின் பைத்தியம். பாட்டு, பேச்சு, மேளம் எதுவும் இல்லை. காய்கறிக்கடையின் துணிக்கூரையில் மழை விழுகிற சத்தம். பக்கத்துக் காபிக்கடையின் துணிக்கூரையில் அதே மழை விழுகிற வேறு சத்தம். மின்கம்பியில் ஓடும் பேருந்தின் தலைக்கொம்பு கம்பியை விட்டுக் கழன்று 'படார்' என்று அடிக்க, ஓட்டுநர் இறங்கி வைதுகொண்டே அதைக் கயிற்றால் இழுத்து மாட்டுகிற சத்தம். காலிப் பாட்டில் பொறுக்குகிறவர்களின் தள்ளுவண்டி நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கும் சத்தம். இவற்றையெல்லாம் ஒட்டி வெட்டி, அரைமணி நேரப் படைப்பாக்கி, வருடத்துக்கு ஒருமுறை நூலகத்தின் கீழறையில் விளக்கை அணைத்துவிட்டுப் போடுவாள். வந்தவர்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அந்தக் குறட்டையையும் பதிவு செய்துகொள்வாள். அடுத்த வருடத்துப் படைப்பில் அது வரும். குறட்டை விட்டவரே முன்வரிசையில் உட்கார்ந்து "அருமையா இருக்கே, என்ன மிருகம் இது?" என்று கேட்டிருக்கிறார்.

பதிவுக் கருவி உள்ளங்கையளவுதான். அதன் மைக்குக்குக் காற்று புகாமல் மாட்டுகிற சாம்பல்நிற ரோமக்குல்லாதான் பிரச்சினை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதைச் 'செத்த பூனை' என்றே சொல்வார்கள். பேருந்தில் ஒருமுறை ஒரு சீனத்துப் பாட்டி அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு, மெல்லக் கையை நீட்டித் தடவிக்கொடுத்து, "பாவம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் லோர்னா. அந்த உரையாடலும் அவளிடம் பத்திரமாக இருக்கிறது.

பதிவு செய்யும்போது அவளுக்கென்று சில மடிகள் உண்டு. மழைக்கோட்டைக் கழற்றிவிடுவாள், நைலான் சரசரக்கும் என்று. ஜிப் கிலுகிலுக்கும் என்று பையையும் தூரத்தில் ஒரு பெஞ்சுக்கடியில் தள்ளிவிடுவாள். கொட்டுகிற மழையில், கம்பளிச் சட்டையோடு, கையில் செத்த பூனையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நிற்பாள். கண் திறந்திருந்தால் காது தூங்கிவிடும் என்பது அவள் கட்சி. அதனால் கருவியின் திரையைப் பார்ப்பதில்லை. அதில் எரிகிற சிவப்பு விளக்கின்மேல் கறுப்பு நாடாவும் ஒட்டிவிட்டாள். அது எரிவதைப் பார்த்தால் போகிறவன் வருகிறவன் எல்லாம் "எந்த சேனல்ல வரும்?" என்று கேட்கிறானாம். எல்லாம் விரல்கணக்கு. ஒரு தடவை அமுக்கினால் பதிவு ஓடும், மறுதடவை அமுக்கினால் நிற்கும். அவள் விரல் தவறியதில்லை.

இப்படி இருந்தவளுக்கு மார்ச் மாதத்தில் ஒரு காலை, ஓட்ஸ் கஞ்சி கிண்டிக்கொண்டிருக்கும்போது, காதுக்குள் ஒரு பூச்சி கத்தியது.

'க்ரீக்.'

அவ்வளவுதான். ஊசிமுனை மாதிரி மெல்லிசு. கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றுமில்லை. கஞ்சிதான் அடிப்பிடித்தது. பிறகு பேருந்தில் ஒரு 'க்ரீக்'. மதியம் கவுண்டரில் ஒன்று. ராத்திரி பல் தேய்க்கும்போது எங்கோ தூரத்தில் ஒன்று. எப்போது வரும் என்று கணக்கே இல்லை. காத்திருந்தால் வராது, மறந்தால் வரும்.

அதுகூடப் பரவாயில்லை. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, அதுதான் அவளை உலுக்கியது. மூன்றாம் வீட்டுக் குழாய் சொட்டினால், சமையலறைக் குழாயா குளியலறைக் குழாயா என்று சொல்கிறவள் அவள். இந்தச் சத்தத்துக்குத் தலையை இந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கமும், அந்தப் பக்கம் திருப்பினால் எல்லாப் பக்கமும் கேட்டது. திசை இல்லாத சத்தம் வெளியே இருக்க முடியாது. அப்படியானால் உள்ளேதான் இருக்கிறது.

காது போகத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் இப்படித்தான் இல்லாத சத்தம் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். அதே வழியில் போனவர்களையும் தெரியும். கூடப் பதிவுக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் இப்போது மீன் பிடிக்கப் போகிறார். மீன் சத்தம் போடாது.

லோர்னா சும்மா பயப்படுகிற ஆள் இல்லை, சோதித்துப் பார்த்தே பயந்தாள். ஏரிக்கரைக்குப் போய், கோட்டையும் பையையும் வழக்கம்போலத் தூரத்து மரத்தடியில் வைத்துவிட்டு, வெகுநேரம் பதிவு செய்தாள். வாத்து இருந்தது, நாய் இருந்தது, ஜாகிங் போகிறவனின் மூச்சு இருந்தது. பூச்சி இல்லை. அப்பாடா என்று பையைத் தோளில் மாட்டி நாலு எட்டு வைத்தாள். 'க்ரீக்.'

வீட்டிலும் பார்த்தாள். ஃபிரிட்ஜை அணைத்தாள். கடிகாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். கிலுகிலுக்கிற பையைக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவ்வளவு சுத்தமான பத்தியம். பதிவில் பூச்சி இல்லை. கருவிக்குக் கேட்கவில்லை, தனக்கு மட்டும் கேட்கிறது. கருவி பொய் சொல்லாது. ஆகவே கெட்டது காது.

அவளுடைய தொழில் தெரியாத யாராவது ஒருவர், பையை மடியில் வைத்துக்கொண்டு சோம்பேறித்தனமாகப் பதிவு செய்திருந்தால், இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அரங்கத்தில் டில்பாக் என்று ஒருவர் இருக்கிறார். ஆட்டத்துக்கு ஆட்டம் பனித்தளத்தை வழித்து மெழுகுகிற அந்தப் பெரிய வண்டியை ஓட்டுகிறவர். நீலத் தலைப்பாகை, வெள்ளைத் தாடி, வாய் ஓயாது. இடைவேளையில் காபி குடிக்க அவள் கவுண்டருக்குத்தான் வருவார்.

"டில்பாக், இப்ப ஏதாவது கேட்டுச்சா?"

"என்ன கேக்கணும்?"

"க்ரீக்னு. சின்னதா."

"லோர்னா, நான் இந்த வண்டிய இருபது வருஷமா ஓட்டறேன். என் பொண்டாட்டி கத்தறதுல பாதிதான் எனக்குக் கேக்குது. அந்தப் பாதியயும் நான் காதுல போட்டுக்கறதில்ல. என்கிட்ட போய்க் கேக்கறியே."

அவள் சிரிக்கவில்லை. டில்பாக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னாச்சு?"

"காது போகுதுன்னு நினைக்கறேன்."

"யாருக்கு? உனக்கா? போன வாரம் நான் பார்க்கிங்ல வண்டிக்குள்ள உக்காந்து சமோசா தின்னதக் கேட்டு, 'புளிச்சட்னி பத்தலயா'ன்னு கேட்டவ நீ."

"அது வாசனை."

"சரி, டாக்டர்கிட்ட போ. காது பாக்கறவங்க இருக்காங்கல்ல?"

"தேதி வாங்கியிருந்தேன். தள்ளிப் போட்டுட்டேன். திருப்பியும் வாங்கினேன், திருப்பியும் தள்ளிட்டேன்."

"ஏம்மா?"

"போனா சொல்லிடுவாங்களே."

டில்பாக் கோப்பையை மறுபடி எடுத்து ஒரு வாய் குடித்தார். "அப்ப சனிக்கிழமை நடை?" என்று கேட்டார்.

ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு சனிக்கிழமை லோர்னா ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பாள். யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவள் முன்னால் போக, மற்றவர்கள் பின்னால் வரிசையாக, கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும். எங்கே நிற்கிறாளோ அங்கே நிற்க வேண்டும். அரங்கத்தில் கிளம்பி, சாலைச் சந்திப்பு, ரயில் நிலையம் எல்லாம் சுற்றி, அந்தியில் மேம்பாலத்துக்குப் போய் முடியும். நகரத்துக் காக்கைகள் எல்லாம் கூட்டங்கூட்டமாகக் கிழக்கே பர்னபிக்கு உறங்கப் போகிற நேரம் அது.

"ரத்து பண்ணப்போறேன்" என்றாள் லோர்னா. "செவிடி முன்னால நடக்க, ஊரே பின்னால காத வச்சிக்கிட்டு வரணுமா? நல்லாவா இருக்கு?"

சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டாள். சாணைச் சக்கரம் ஓடவில்லை. மூக்குச் சிந்துகிற சத்தம்தான் வந்தது.

கவுண்டருக்கு எதிரே ஒரு பெஞ்சு உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளைகளும், போயும் பிரயோசனமில்லாத பிள்ளைகளும் சளி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதில் உட்கார்ந்திருப்பார்கள். போகிறவன் வருகிறவனையெல்லாம் நையாண்டி செய்கிற கும்பல். லோர்னாவின் செத்த பூனைக்கு ஒரு தடவை கருவாட்டுத் துண்டு வைத்த கும்பல். அன்றைக்கு இந்தப் பேச்சு முழுவதும் அந்தப் பெஞ்சுக்குக் கேட்டது. பெஞ்சு சிரிக்கவில்லை.

நடையை ரத்து செய்வதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை அந்தப் பாதையை முழுக்கப் பதிவு செய்துவிடுவது என்று லோர்னா முடிவு செய்தாள். காது நன்றாக இருந்தபோது ஊர் எப்படி இருந்தது என்பதற்கு அத்தாட்சியாக. வியாழக்கிழமை மத்தியானம் கருவிக்குப் புது பேட்டரி போட்டு, உயிர்ப்பித்துப் பார்த்து, அப்படியே பைக்குள் வைத்துவிட்டு, மிச்சமிருந்த பிளேடுகளைத் தீட்டப் பின்னறைக்குப் போனாள். பை கவுண்டரில் இருந்தது.

அந்த நேரத்தில் யாரோ ஒருவருடைய கை பையில் பட்டு, கருவியின் பதிவுப் பொத்தான் அமுங்கிவிட்டது. கூட்டம் வந்துபோகிற இடம். பை என்றால் நாலு பேர் இடிக்கத்தான் செய்வார்கள். யார் கை என்று தோண்டிப் பார்ப்பதில் யாருக்கும் லாபமில்லை.

விளைவு என்னவென்றால் பதிவு அப்போதே ஓடத் தொடங்கிவிட்டது. லோர்னாவுக்கு அது தெரியாது. விளக்கின்மேல் நாடா இருக்கிறது. கண் மூடியிருக்கிறது. காதில் மாட்டுகிற ஹெட்போனுக்கோ, பதிவு ஓடினாலும் ஓடாவிட்டாலும் சத்தம் ஒரே மாதிரிதான் வரும். முதல் இடத்தில் போய் நின்று, கோட்டைக் கழற்றி, பையைத் தள்ளிவைத்து, 'ஆரம்பம்' என்று பொத்தானை அமுக்கினாள். பதிவு நின்றது. முடிந்ததும் 'போதும்' என்று அமுக்கினாள். பதிவு ஓடியது. கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தாள். அன்று சாயங்காலம் முழுக்க இதே கதைதான். அவள் கேட்டுவைக்க நினைத்ததெல்லாம் காற்றோடு போயிற்று. போகட்டும் என்று விட்டதெல்லாம் உள்ளே ஏறியது.

வீட்டுக்கு வந்து, பாலாடைக்கட்டி அடைத்த கொழுக்கட்டை நாலை வேகவைத்து, புளித்த பாலேட்டோடு தட்டில் போட்டுக்கொண்டு, கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். பையைத் தோண்டிக் கருவியை எடுத்தபோது நசுங்கிப்போன ஒரு நனைமோ பார், அந்த ஊர்ச் சாக்லேட் இனிப்பு, அதுவும் கையில் வந்தது. நல்ல கடைக் காகிதத்தில் சுற்றியது. எப்போது வாங்கினோம் என்று அவளுக்கு நினைவில்லை. சரி, கவலையில் என்னத்தையோ வாங்கியிருப்போம் என்று விட்டுவிட்டாள்.

பதிவை ஓடவிட்டாள். சாலைச் சந்திப்பில் கடப்பவர்களுக்காகக் கூவுகிற குயில்பொறி கேட்க வேண்டிய இடத்தில் 'கரமுர கரமுர' என்று பைத்துணி உரசியது. அதற்குள்ளிருந்து தூரத்தில் அவளுடைய குரலே கேட்டது.

"போய்ட்டு வரேன் குயிலே. நல்லா கூவு. கிழவிங்க யாராச்சும் மெதுவா வந்தா கொஞ்சம் பொறுத்துக்கோ."

லோர்னாவுக்கு முகம் சிவந்தது. தான் தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு நடக்கிறோம் என்பது அவளுக்கு இத்தனை வருடம் தெரியாது. மேலே ஓட்டினாள். ரயில் நிலையத்தில் ரயில் கதவின் மணியோசை இல்லை. அதற்குப் பதில் ஒரு கடற்பறவையை அவள் திட்டுவது இருந்தது. காபிக்கடையில், "சர்க்கரை வேணாம். அது பூனை இல்ல, மைக்கு. இல்லப்பா, நிஜமா மைக்கு" என்பது இருந்தது. மேம்பாலத்துக் காக்கைகள் இல்லவே இல்லை. இறங்கி வருகிற படிக்கட்டுதான் இருந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு தேம்பல்.

என்ன நடந்தது என்று உடனே புரிந்துவிட்டது. தலைகீழாகப் பதிவாகியிருக்கிறது. இந்த வேலையில் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு. தான் சிரித்து எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த தப்பு. காதுதான் போயிற்று என்றால் விரலும் போயிற்றா? தட்டைத் தள்ளிவைத்தாள். கடைசிப் பதிவும் இல்லை என்றாகிவிட்டது.

அந்தத் தேம்பலுக்கும் அடுத்த தேம்பலுக்கும் நடுவில்தான் அது வந்தது.

'க்ரீக்.'

காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கி எறிந்தாள். வழக்கமான பூச்சிதான், கேட்கிற நேரம் பார்த்துக் கத்துகிறது. ஆனால் இது வழக்கத்தைவிட உரக்கக் கேட்டதே? திரும்ப மாட்டிக்கொண்டு, பதிவைக் கொஞ்சம் பின்னால் தள்ளி ஓட்டினாள். படி. தேம்பல். 'க்ரீக்.' மறுபடி பின்னால் தள்ளினாள். படி. தேம்பல். 'க்ரீக்.' அதே இடம். காதுக்குள் இருக்கிற பூச்சி எப்போதும் அவள் சொல்பேச்சுக் கேட்டதில்லை. இது, கேட்கச் சொன்னபோதெல்லாம் கத்தியது.

சத்தத்தைப் படமாகக் காட்டுகிற சாளரத்தைத் திறந்தாள். கீழே காலடிகள் கறுப்புக் கறுப்பாக மொத்தையாகக் கிடந்தன. மேலே, வெகு உயரத்தில், தன்னந்தனியாக ஒரு சின்னக் கீற்று. நகத்தால் கீறினது போல. அது அங்கே இருந்தது. அவளுக்கு வெளியே.

இது எழுதுவதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்த லோர்னாவுக்கு, உட்கார்ந்திருந்தும் இன்னொரு தடவை உட்கார வேண்டும் போல இருந்ததாம். வாரக்கணக்காகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த தோள்கள் தாமாக இறங்கின. ஆறிப்போன கொழுக்கட்டையில் ஒன்றை எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். அதன் ருசி தெரிந்தது. அந்த மாதத்தில் தின்றது எதன் ருசியும் தெரிந்ததாக ஞாபகமில்லை.

பிறகு மெல்லத் திரும்பிப் பையைப் பார்த்தாள்.

பையைக் கூடத்தில் கவிழ்த்தாள். பேனா, கையுறை, பேட்டரி, டிக்கெட், மூக்குத் துடைத்த காகிதம் எல்லாம் கொட்டின. காலிப் பை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. எதிரே அவளும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கடைசியில் பைதான் முதலில் வாய் திறந்தது.

'க்ரீக்.'

உள்ஜேப்பில் ஓட்டை இருந்தது. ஓட்டை வழியாக விழுந்து உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவே போய்ச் சிக்கியிருந்தது. கத்தரிக்கோலால் தையலைப் பிரித்து எடுத்தாள். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. வட்ட பேட்டரி ஒன்று, சுண்டைக்காய் அளவில் ஒரு பீப்பி. வேடிக்கைச் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். முதுகில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது: 'நண்பர்களைப் பைத்தியமாக்குங்கள்! திசை கண்டுபிடிக்க முடியாது!'

யாரோ விளையாட்டுக்காக வாங்கி, யாருக்கோ வைக்கப் போய், கைதவறி இந்தப் பையில் விழுந்திருக்கும். அப்படித்தான் இருக்கும்.

அதைக் கண்டதும் லோர்னா செய்தது என்ன? எரித்தாளா, மிதித்தாளா? கம்பளிச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, அதை மேசையில் வைத்துப் பதிவு செய்தாள். இந்தத் தடவை விளக்கின்மேலிருந்த நாடாவைப் பிய்த்துவிட்டு.

உடனே டில்பாக்குக்குப் போன் போட்டாள்.

"டில்பாக்! காது போகல! பூச்சி பைக்குள்ள இருந்துச்சு!"

"என்ன பூச்சி?"

"பீப்பிப் பூச்சி! எவனோ வச்சிருக்கான்!"

"அப்ப உனக்கு எல்லாமே நல்லா கேக்குதா?"

"எல்லாமே!"

மறுமுனையில் குரல் இறங்கியது. "அப்ப முந்தாநாள் நான் உன் காபியப் பத்தி என் தம்பிகிட்ட சொன்னது..."

"கழுநீருன்னு சொன்னியே. கேட்டுச்சு."

"வாஹேகுரு" என்றார் டில்பாக், மனதார.

சனிக்கிழமை நடை நடந்தது. தூறலில், குடை பிடிக்காமல், ஒரு கூட்டம் வாய்மூடி லோர்னாவின் பின்னால் போயிற்று. டில்பாக்கும் வந்தார். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை அவர் மனைவி பக்கத்தில் நடந்து கண்குளிரப் பார்த்தாள். கடைசி வரிசையில் முக்காடு போட்ட ஓரிருவர் பெஞ்சுக் கும்பலிலிருந்தும் வந்திருந்தார்கள். குயில்பொறி கூவியது. ரயில் கதவு மணி அடித்தது. பேருந்தின் கொம்பு கழன்று, ஓட்டுநர் இறங்கி, இத்தனை பேர் மௌனமாக நின்று பார்ப்பதைக் கண்டு, வழக்கமாக வைகிறதை வையாமல் விட்டுவிட்டார். அது ஒரு நஷ்டம்.

ரயில் பாலத்தின் அடியில் லோர்னா நின்றாள். எல்லாரும் நின்றார்கள். 'க்ரீக்' என்றது. பூச்சியை அவள் தன் கோட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். கூட்டம் முழுக்கத் தலையைத் திருப்பியது, ஒருவர் இடது பக்கம், ஒருவர் வலது பக்கம், ஒருவர் வானத்தை. மறுபடி 'க்ரீக்'. மறுபடி தலைகள் கோழிகளைப் போலச் சுழன்றன. ஒருவருக்கும் திசை பிடிபடவில்லை. லோர்னாவின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது பாருங்கள், பரீட்சையில் தன்னோடு வகுப்பே தோற்றது என்று தெரிந்தால் வருமே, அந்த நிம்மதி.

மேம்பாலத்தில் காக்கைகளும் வந்தன. வியாழக்கிழமை பதிவில் ஏறாமல் போயிற்றே என்று அவள் நொந்துகொண்ட அதே காக்கைகள், அதே நேரத்தில், அதே பக்கமாக. காக்கை எங்கே போய்விடப் போகிறது? வானம் முழுக்கச் சிறகடிப்பு. லோர்னா கருவியை வெளியே எடுக்கவில்லை. வெறும் காதால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதுவரைக்கும் எழுதி லோர்னாவிடம் காட்டியாயிற்று. அரங்கத்து அறிவிப்புப் பலகையில் மாதம் ஒரு பேட்டைக்காரரைப் பற்றி எழுதி ஒட்டுவார்கள். சம்பந்தப்பட்ட ஆள் படித்துச் சரி என்று சொன்னால்தான் ஒட்டலாம் என்பது விதி. எழுதியவன் ரோவன், பெஞ்சில் உட்கார்கிறவன். அவன் பெயரைக் கட்டுரையில் எங்கும் போட்டுக்கொள்ளவில்லை. அடக்கம்.

லோர்னா கவுண்டரில் சாய்ந்து முழுவதையும் படித்தாள். திமிங்கிலத்துக்குச் சிரித்தாள். டில்பாக்கின் சமோசாவுக்குச் சிரித்தாள். படித்து முடித்துவிட்டுத் தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

"நல்லா எழுதியிருக்க. கருவாடு உன் வேலைன்னு இப்பதான் தெரியுது."

"கும்பல்னுதான் எழுதியிருக்கேன்."

"ஆமா. அப்புறம் இந்த 'யாரோ'ன்னு ஒருத்தர் அடிக்கடி வர்றாரே, யாரு அவரு? பையில கை படறாரு. பூச்சியக் கைதவறிப் போடறாரு. ரொம்பப் பாவமான ஆளா இருக்காரே."

"தெரியல லோர்னா. கூட்டமான இடம்."

"ம்." கவுண்டருக்கு அடியிலிருந்து கருவியை எடுத்து வைத்தாள். "பொத்தான் அமுங்கினதும் பதிவு ஓட ஆரம்பிச்சிருச்சுன்னு நீயே எழுதியிருக்க. அப்ப அமுக்கின கை அடுத்து என்ன பண்ணுச்சுன்னும் இதுல இருக்குமே. அத ஏன் எழுதல?"

ரோவன் வாயைத் திறக்கவில்லை. கருவி திறந்தது.

ஜிப் இழுபடுகிற சத்தம். பைக்குள் கை துழாவுகிற சத்தம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம், சின்னதாக இரண்டு, பெரிதாக ஒன்று. அப்புறம் ஒரு கிசுகிசு: "எங்க போய்த் தொலைஞ்ச... வெளிய வாடா சனியனே... அந்தம்மா அழுவுது... ஐயோ, ஓட்டையில போயிருச்சா?" மறுபடி துழாவல். சின்னதாக இரண்டு, பெரிதாக ஒன்று. அப்புறம் காகிதம் கசங்குகிற சத்தம், எதையோ பத்திரமாக உள்ளே வைப்பது போல. "இத தின்னு லோர்னா. ப்ளீஸ்." ஜிப் மூடியது.

"நனைமோ பார் நல்லா இருந்துச்சு" என்றாள் லோர்னா. "நசுங்கினாலும்."

"அது நான் இல்ல" என்றான் ரோவன். "கிசுகிசுன்னு பேசினா எல்லாக் குரலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இந்தக் குளிர்ல எல்லாருக்கும்தான் மூக்கு ஒழுகுது." சொல்லிவிட்டு உறிஞ்சினான். சின்னதாக இரண்டு, பெரிதாக ஒன்று.

லோர்னா மெல்லக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்க," என்றாள், "இன்னொரு தடவை உறிஞ்சு."